கண்டி முழவும் காதிலணி கருவியும்

ஆடி, ஆவணி மாதங்களில் கண்டியில் எசல பெரஹரா வீதிவலம் வருங்கால், நகரைச் சூழ்ந்த மலைச்சரிவுகளில் வாழ்வோர் அதனை முதலில் காண்பதில்லை, கேட்கின்றனர். கேட்பதும் முழுமையான ஒலியன்று. ஹந்தானைச் சரிவிலே மரங்களும் கட்டடங்களும் இடைநிற்க, 'தும், தும்' என்ற கனத்த ஓசை மட்டுமே தொலைவிலிருந்து வந்து சேரும். ஊர்வலம் நெருங்க நெருங்க, அக்கனத்த ஓசையின் மேல் 'தகிட, தகிட' என்ற கூரிய ஓசை படிப்படியாக ஏறி வரும். தலதா மாளிகையின் முன்னுள்ள வீதியிலே நிற்பவனுக்கே இரண்டும் ஒருங்கே கிடைக்கின்றன.

இதற்குக் காரணம் எளியது. செக்கனுக்கு 100 முறை அதிரும் தாழ்ந்த ஒலியின் ஓர் அலை ஏறத்தாழ 11 அடி நீளமுடையது. அது சுவரையும் மரத்தையும் வளைந்து சுற்றிச் செல்லும். செக்கனுக்கு 5,000 முறை அதிரும் உயர்ந்த ஒலியின் அலையோ மூன்று அங்குலத்திற்கும் குறைந்தது. தடையொன்று எதிர்ப்பட்டால் அங்கேயே நின்றுவிடும். தடையில்லாத இடத்தும் காற்று உயர்ந்த ஒலியையே மிகுதியாக விழுங்குகின்றது. ஆகவே மலையும் காற்றும் வீடுகளும் சேர்ந்து, ஒரே முழவை இடத்திற்கு இடம் வேறு வேறு முழவாக ஆக்கிவிடுகின்றன.

இன்று நம் சட்டைப்பையிலிருக்கும் சிறு இசைக்கருவியிலே 'ஈக்குவலைசர்' என்றொரு பகுதி உண்டு. தாழொலியைக் கூட்டலாம், உயரொலியைக் குறைக்கலாம், இடைப்பட்டதை முன்னே கொணரலாம். மலையும் காற்றும் செய்யும் வேலையை விரல் நுனியால் செய்யலாம் என்று பொருள். காதில் ஹெட்போன் அணிந்து பேராதனை வீதியிலே பஸ்ஸுக்குக் காத்துநிற்கும் இளைஞர் பலர் இதனைத் தினமும் தொட்டுத் திருப்புகின்றனர். அது எதற்காகத் தோன்றிற்று, யாருடைய காதை எண்ணி அமைக்கப்பட்டது என்ற வரலாற்றை அறிந்து திருப்புவோர் சிலரே. அவ்வரலாற்றைக் கண்டியில் நின்றுகொண்டே சொல்லலாம் என்று தோன்றுகின்றது.

முதலில் முழவையே சற்று உற்று நோக்குவோம். கண்டி நடனத்திற்குரிய தலைமை முழவைச் சிங்களத்தில் 'கெட்ட பெரய' என்பர். தமிழ்க் காதுக்கு அப்பெயர் கொஞ்சம் இடறும். ஆனால் அங்கே 'கெட்ட' என்பது முடிச்சு, புடைப்பு என்னும் பொருளுடைய சொல். நடுவில் பருத்து இரு முனையிலும் ஒடுங்கும் இம்முழவைக் கலைஞர் இடையிலே கட்டி இரு கைகளாலும் முழக்குவர். இதன் இருமுகங்களும் ஒன்றுபோல்வன அல்ல. மரபின்படி ஒரு முகத்திற்கு மாட்டுத் தோல்; அது கனத்த ஒலி தருவது. மறு முகத்திற்குக் குரங்கின் தோல். அது மெல்லியதாதலின் கூரிய ஒலி தருவது. இவ்விரண்டின் அளவு பொருந்தினாலன்றி முழவு பேசாது. தாழொலி, உயரொலி என்ற பாகுபாட்டை மின்சாரம் வந்த பின்னரே மனிதன் கண்டான் என்று எண்ணுவோர், அந்த இருமுகத் தோலைத் தொட்டுப் பார்த்தல் நன்று.

நம் மிருதங்கத்திலும் இதே அறிவு வேறொரு வடிவில் உள்ளது. கச்சேரி தொடங்குமுன் வித்துவான் தொப்பி எனப்படும் இடந்தலையிலே ரவையைப் பிசைந்து அப்புகின்றார். அந்த ஈரமான பாரம் தோலின் அதிர்வைத் தாழ்த்தி, முழக்கத்தைக் கனமாக்குகின்றது. சற்றுக் கூடினால் சிறிது கிள்ளி எடுக்கின்றார். குறைந்தால் மேலும் அப்புகின்றார். வலந்தலையிலோ கருங்கரணை நிலையாக அமைந்திருக்கும். இக்கரணை தோலின் ஒழுங்கற்ற அதிர்வுகளை ஒழுங்குபடுத்தி, நரம்புக் கருவியின் நாதம்போல் இசைவான மேற்சுரங்களைத் தரச் செய்கின்றது என்பதைச் சர். சி. வி. இராமன் 1920இல் 'நேச்சர்' என்னும் ஆங்கில அறிவியல் இதழிலே எடுத்துக் காட்டினார். கண்டியைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் நம் மக்கள் முழக்கும் தப்புக்கு ரவையுமில்லை, கரணையுமில்லை. தீயே அதன் சுருதிக் கருவி. வைக்கோலும் சருகும் கூட்டி நெருப்பு மூட்டி, தோலைக் காய்ச்சி, விரலால் தட்டிப் பார்த்து, 'இன்னும் கொஞ்சம்' என்று மறுபடியும் காட்டுவர். மலைநாட்டு ஈரக்காற்றிலே தோல் விரைவில் தளர்ந்துவிடும். ஆகவே காமன் கூத்து நடக்கும் இரவிலே நெருப்பு அணையாதிருக்க வேண்டும்.

இவையெல்லாம் ஒலி பிறக்கும் இடத்திலே செய்யும் திருத்தங்கள். ஒலி வந்து சேரும் இடத்திலே, கேட்பவனே திருத்தம் செய்வது என்பது தொலைபேசி வந்த பிறகு எழுந்த புது வழக்கம்.

தொலைபேசிக் கம்பி நீண்டு செல்லச் செல்ல, அதன் வழியே போகும் குரலில் உயரொலி மிகுதியாகத் தேய்ந்து போயிற்று. ஹந்தானைச் சரிவிலே முழவுக்கு நேர்வது கம்பிக்குள்ளே குரலுக்கு நேர்ந்தது என்க. இக்குறையைப் போக்கப் பொறியியலாளர் கம்பியின் முடிவிலே ஒரு சிறு மின்சுற்றை அமைத்தனர். எந்த ஒலி மிகுதியாகத் தேய்ந்ததோ அதனை மிகுதியாக உயர்த்தி, எல்லாவற்றையும் பழைய அளவுக்குச் சமமாக்கியது அது. சமமாக்குவதால் 'ஈக்குவலைசர்' என்று பெயர். நாம் சமனாக்கி எனலாம். கண்டியில் நிகழும் ஒரு விழாவின் ஒலி தொலைபேசிக் கம்பி வழியே கொழும்பு நிலையத்துக்குச் செல்ல வேண்டுமாயின், இடையிலே இத்தகைய சமனாக்கி இன்றியமையாதது. அதன் முதற்பணி அலங்காரமன்று, இழந்ததை மீட்பது. இதனை நினைவிற் கொள்ளுமாறு நேயர்களை வேண்டுகின்றேன்; பின்னர் நேர்ந்த குழப்பமெல்லாம் இதனை மறந்ததால் வந்தது என்பது என் துணிபு.

ஹெட்போனின் பிறப்பும் இக்காலத்ததே. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நதானியல் போல்ட்வின் என்பவர் தம் சமையலறையிலே செய்த ஹெட்போன்களை 1910இல் அந்நாட்டுக் கடற்படை வாங்கியது. அக்காலக் கருவியில் மின்காந்தத்தின் முன் ஒரு மெல்லிய இரும்புத் தகடு இருக்கும். அத்தகடு தனக்கு இயல்பான ஓர் அதிர்விலே மிகுதியாகத் துள்ளும்; அதன் கீழும் மேலும் உள்ள ஒலிகள் மெலிந்து கேட்கும். தந்திச் செய்தி கேட்பவனுக்கு இது குறையன்று, நன்மையே. 'டிட், டா' என்ற ஒரே சுரம் இரைச்சலின் மேல் எழுந்து நின்றாற் போதுமன்றோ! ஆனால் அதே கருவியைக் காதிலிட்டு இசை கேட்டவன் கேட்டது இசையின் எலும்புக்கூட்டையே.

இலங்கையில் முதல் வானொலி நேயர் அப்படித்தான் கேட்டனர். தந்தித் திணைக்களப் பொறியியலாளர் எட்வர்ட் ஹார்பர், 1920களின் முற்பகுதியிலே, கைப்பற்றப்பட்ட ஒரு ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் உறுப்புகளையும் பயன்படுத்தி ஓர் ஒலிபரப்பியை ஆக்கினார். கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தின் சிறு அறையிலிருந்து கிராமபோன் இசை காற்றில் ஏறியது. 1925 டிசம்பர் 16இல் கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கியது. அந்நாளைய ஸ்படிக வானொலிக்கு மின்கலமும் இல்லை, ஒலியைப் பெருக்கும் வால்வும் இல்லை. காற்றிலே வந்த மின்சக்தியே இரும்புத் தகட்டை ஆட்டியது. ஆதலின் ஹெட்போனின்றி அதனைக் கேட்க இயலாது. ஒலிபரப்பிக்கு அருகே இருந்தோருக்கே அக்கருவி உதவிற்று. மலைக்கு அப்பாலிருந்தோர்க்கு வால்வு பூட்டிய பெரிய பெட்டிதான் வேண்டியிருந்தது. அதனை வாங்கும் வசதி எல்லோர்க்கும் இருந்ததில்லை.

இரண்டாம் உலகப்போர் கண்டியைத் திடீரென்று உலக வரைபடத்தின் நடுவே கொண்டுவந்து நிறுத்தியது. 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகத்தை டில்லியிலிருந்து கண்டிக்கு மாற்றினார். பேராதனைப் பூந்தோட்டத்தின் மரநிழலிலே அலுவலகங்கள் எழுந்தன. கம்பியில்லாத் தந்திப் பிரிவினர் இரவு பகலாகக் காதில் ஹெட்போன் பூட்டியிருந்தனர். அவர்களுக்கு வேண்டியது இசையன்று, பிழையற்ற செய்தி. அக்கட்டளையின் படைவீரர்க்காகத் தோன்றிய 'ரேடியோ சியாக்' வானொலிக்கு, கொழும்பின் வடக்கே ஏக்கலையிலே 100 கிலோவாட் சிற்றலை ஒலிபரப்பி நிறுவப்பட்டது. போர் முடிந்தபின், 1949இல் அந்நிலையம் இலங்கை அரசின் கைக்கு வந்தது. இலங்கை வானொலியின் குரல் பாக்குநீரிணையைக் கடந்து தமிழகத்திலும், அதற்கு அப்பால் வட இந்தியாவிலும் வீடுதோறும் ஒலித்ததற்கு அந்த ஏக்கலைக் கோபுரங்களே அடிப்படை.

சிற்றலையின் பெருமையைச் சொல்லும்போது அதன் எல்லையையும் சொல்ல வேண்டும். நிலையங்கள் நெருங்கி நின்று ஒன்றையொன்று இடியாதிருக்க, ஒவ்வொன்றும் தன் ஒலியை ஏறத்தாழ 5,000 அதிர்வுக்கு மேல் வெட்டிவிட வேண்டியிருந்தது. மனிதச் செவியோ இளமையில் 20 முதல் 20,000 அதிர்வு வரை கேட்க வல்லது. பெட்டியிலுள்ள சிறு ஒலிபெருக்கி தன் பங்குக்கு 150, 200 அதிர்வுக்குக் கீழுள்ள தாழொலியைத் தர இயலாது கைவிட்டது. இவ்வாறு வானொலி வழியே கண்டி முழவைக் கேட்டவர்க்கு மாட்டுத் தோலின் ஆழமும் போயிற்று, குரங்குத் தோலின் கூர்மையும் போயிற்று, நடுப்பகுதியே மிஞ்சியது. பேச்சுக்கு இந்த நடுப்பகுதி போதும். மரபுவழித் தொலைபேசி 300 முதல் 3,400 அதிர்வு வரையே அனுப்புகின்றது. ஆடவர் குரலின் அடிச்சுரம் அதற்கும் கீழே, 120 அளவில் இருந்தும் நாம் பேசுபவர் இன்னாரென உடனே அறிகின்றோம். அடிச்சுரம் வராவிடினும் அதன் மேற்சுரங்களிலிருந்து மூளை அதனைக் கட்டிக்கொள்கின்றது. முழவின் கனத்தை அவ்வாறு முழுமையாகக் கட்டிக்கொள்ள இயலாது; ஏனெனில் அக்கனம் காதுக்கு மட்டும் உரியதன்று, மார்பிலும் வந்து மோதுவது.

இனி, செவியின் இயல்பை ஒருவாறு விளக்கிய ஆராய்ச்சிக்கு வருவோம். 1933இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஹார்வி பிளெச்சரும் வைல்டன் மன்சனும் ஓர் அரிய ஆய்வை வெளியிட்டனர். கேட்போர்க்கு ஹெட்போன் அணிவித்து, பலவேறு அதிர்வுள்ள ஒலிகளைப் பலவேறு வலிமையிற் கேட்பித்து, எவை சமமான உரப்புடையனவாகத் தோன்றுகின்றன என்று வினவினர். கிடைத்த விடை இது: மெல்லிய ஒலியிலே நம் செவிக்குத் தாழொலி சரியாகக் கேட்பதில்லை, வலிமை ஏற ஏற அக்குறை நீங்குகின்றது. ஒரே இசைத்தட்டை நள்ளிரவில் மெதுவாக ஒலிக்கச் செய்தால் மிருதங்கத்தின் தொப்பி மறைந்து பாட்டு மெலிந்து கேட்பதும், பகலில் உரக்க வைத்தால் அது நிறைந்து கேட்பதும் இதனாலேயே. பின்னர் வந்தோர் இவ்வளவைகளைத் திருத்தினர். 2003இல் அனைத்துலகத் தர அமைப்பும் புதிய அளவைகளை ஏற்றது. எனினும் அடிப்படை உண்மை மாறவில்லை. இசை மாறாதிருக்க, கருவி மாறாதிருக்க, ஒலியின் அளவு ஒன்று மாறினாலே காதில் விழும் இசையின் நிறம் மாறிவிடும். ஆகவே எக்காலத்துக்கும் ஏற்ற ஒரே அமைப்பு என்று ஒன்று இருக்க முடியாது.

வால்வு வானொலிப் பெட்டிகளில் 'டோன்' என்றொரு குமிழ் இருந்ததை மூத்த நேயர் மறந்திரார். பெரும்பாலும் அது உயரொலியைக் குறைக்க மட்டுமே வல்லது. சிற்றலையின் கரகரப்பை அடக்கப் பயன்பட்டது. கூட்டவும் குறைக்கவும் வல்ல பாஸ், டிரெபிள் என்ற இரட்டைக் குமிழைச் செம்மையாக அமைத்தவர் பீட்டர் பாக்சண்டால் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர். 1952இல் 'வயர்லெஸ் வேர்ல்ட்' இதழிலே அதன் வரைபடத்தை எவரும் செய்துகொள்ளுமாறு வெளியிட்டார். உலகெங்கும் ஒலிபெருக்கி செய்தோர் அதனை எடுத்தாண்டனர். நம்மூர்த் திருவிழாக்களில் ஒலிபெருக்கிக்காரர் திருப்பும் குமிழுக்குப் பின்னேயும் அவருடைய எண்ணமே இருந்தது. பெயர்தான் எவர்க்கும் தெரிந்திருக்கவில்லை.

ஹெட்போன் இசைக்கருவியாக மதிப்புப் பெற்றது அதன் பின்னரே. 1958இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஜோன் கொஸ் என்பவர் இரு காதுக்கும் தனித்தனி ஒலி தரும் இசை ஹெட்போனைக் காட்சிக்கு வைத்தார். 1979 ஜூலை முதலாந் திகதி ஜப்பானின் சொனி நிறுவனம் 'வோக்மன்' என்னும் கையடக்க ஒலிநாடாக் கருவியை விற்பனைக்கு விட்டது. இசை முதன்முறையாக நடக்கப் புறப்பட்டது. மத்திய கிழக்கு நாடுகளுக்கு வேலை தேடிச் சென்ற இலங்கையர் திரும்பும்போது கொண்டுவந்த பொருள்களில் ஒலிநாடாக் கருவிக்குத் தனியிடம் இருந்தது. வோக்மனோடு வந்த ஹெட்போன் நுரைப்பஞ்சு சுற்றியது, இறகுபோல் இலேசானது. காதை மூடாது மேலே பட்டும் படாமலும் நிற்பதால், தாழொலி காதுக்குட் செல்லாமல் வெளியே கசிந்துவிடும். அந்த இழப்பை ஈடுசெய்ய 1980களில் கருவிகளிலே தாழொலியை உயர்த்தும் விசை சேர்க்கப்பட்டது. இதுவரையிலும் சமனாக்கி தன் பழைய அறத்திலிருந்து வழுவவில்லை எனலாம். இழப்பொன்று இருந்தது, ஈடொன்று செய்யப்பட்டது.

ஆனால் விசை இருக்கும்போது அதனைத் தட்டாமலிருக்க எவரால் முடியும்? கருவியும் ஹெட்போனும் திருந்தி, தாழொலி தானாகவே நன்றாக வரத் தொடங்கிய பிறகும் அவ்விசை கீழிறங்கவில்லை. ஈடுசெய்ய வந்தது சுவைக்கென நிலைத்துவிட்டது. கறியில் உப்பிருக்கிறதா என்று பாராமலே உப்பிடும் கைப்பழக்கம் போன்றது இது.

2001 அக்டோபரில் அப்பிள் நிறுவனத்தின் ஐபொட் வெளிவந்தது; 2022இல் அதன் உற்பத்தி நின்றது. அதனிலும் அதனைப் பின்பற்றிய கருவிகளிலும், இன்றைய கைத்தொலைபேசிகளிலும் முன்கூட்டியே அமைக்கப்பட்ட சமனாக்கி நிலைகள் காணப்படுகின்றன. ஐபொட்டிலே 20க்கு மேற்பட்டவை: ரொக், பொப், ஜாஸ், டான்ஸ், ஹிப்-ஹொப், லத்தீன், பியானோ, கிளாசிக்கல் என்று பட்டியல் நீள்கின்றது. இதில் 'கிளாசிக்கல்' என்பது மேல்நாட்டுச் செவ்விசையையே குறிக்கும். நாதஸ்வரம், தவில், மிருதங்கம், கெட்ட பெரய என்ற பெயர்களை அங்கே தேடுதல் வீண். பட்டியல் செய்தோரைக் குறைகூற வேண்டுவதில்லை. அவர்கள் தம் வீட்டிற் கேட்ட இசைக்கு ஏற்பச் செய்தனர். பிறர் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு தோள் பிடிக்கிறதென்று வருந்துவதுதான் நம் நிலைமை.

காட்டாக, 'ரொக்' என்ற நிலை தாழொலியையும் உயரொலியையும் உயர்த்தி, நடுவைப் பள்ளமாக்குகின்றது. மின்கிதாரும் மேலைநாட்டு முழவுத் தொகுதியும் அதனால் பொலிவு பெறலாம். ஆனால் நாதஸ்வரத்தின் உயிர் செக்கனுக்கு 1,000 முதல் 4,000 அதிர்வு வரையுள்ள அந்த நடுவிலன்றோ செழித்திருக்கின்றது! கட்டுக்கலைச் செல்வ விநாயகர் ஆலயத்து மேளத்தை எவரேனும் பதிவுசெய்து அந்நிலையிலே கேட்பாராயின், வாசிப்பவர் நாலு வீடு தள்ளி நிற்பதுபோலத் தோன்றும். தவில் மட்டும் காதருகே வந்து குமுறும். முழவின் இரு முகங்களையும் பெரிதாக்கிப் பாட்டை விழுங்கச் செய்வது, பெரஹராவிலே ஒரண எனப்படும் குழலிசையைப் பறித்துவிட்டு முழவை மட்டும் நடத்திச் செல்வதற்கு ஒப்பாகும்.

அப்படியாயின் ஹெட்போனிலே கேட்பவன் எதனை அளவுகோலாகக் கொள்வது? 2012, 2013ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் ஹார்மன் நிறுவனத்தில் ஷோன் ஒலிவும் அவருடைய தோழரும் செய்த ஆய்வு இங்கே உதவுகின்றது. கேட்போருட் பெரும்பாலோர் விரும்பியது, நல்லதோர் அறையிலே நல்ல ஒலிபெருக்கி முன் அமர்ந்து கேட்பதை ஒத்த ஒலியையே. ஒலி காதை அடையுமுன் தலையும் தோளும் செவிமடலும் அதனை மாற்றுகின்றன. சுமார் இரண்டரை சென்றிமீற்றர் நீளமுள்ள செவிக்குழாய் 3,000 அதிர்வை ஒட்டிய ஒலிகளைத் தானே உயர்த்துகின்றது. பிறந்த நாள்முதல் இம்மாற்றத்தோடு கேட்டுப் பழகியதால் அதுவே நமக்கு இயற்கை. ஹெட்போன் இவற்றையெல்லாம் தாண்டி நேரே உள்ளே ஊதுகின்றது. அடைப்பான்போலச் செவிக்குழாயினுள் இறங்கும் சிறுகருவியோ குழாயின் இயல்பையே மாற்றிவிடுகின்றது. ஆகவே காகிதத்தில் நேர்கோடாக அளக்கப்படும் ஹெட்போன் காதுக்கு நேராக ஒலிப்பதில்லை.

எனவே குமிழைத் தொடுமுன் ஹெட்போன் காதிற் பொருந்தியதா என்று பார்த்தல் வேண்டும். செவிக்குழாயிலிடும் கருவியின் ரப்பர் நுனி தளர்வாயிருந்தால் தாழொலியிற் பெரும்பகுதி வெளியேறிவிடும். அந்த ஓட்டையை அடைக்காமல் பாஸ் குமிழைத் திருப்புவது, துளை விழுந்த குடத்தில் நீரை வேகமாக ஊற்றுவதே. அளவு மாறிய நுனியொன்றைப் பூட்டிய மாத்திரத்திலே, பலர்க்குச் சமனாக்கியே வேண்டாததாகிவிடும்.

அதன்பின் எல்லாக் குமிழ்களையும் நடுவிலே வைத்து, நேரிற் கேட்டுப் பழகிய ஒரு கருவியின் நல்ல பதிவை எடுத்துக்கொள்ள வேண்டும். கண்டியிலிருப்போர்க்கு இதற்குக் குறைவில்லை; தலதா மாளிகையிலே நாள்தோறும் பூசைவேளையில் முழவொலி எழுகின்றது. அதனை நேரிற் கேட்ட காதோடு பதிவைக் கேட்டு, மாட்டுத் தோலின் முழக்கம் அடுத்த அடி விழுமுன் அடங்குகின்றதா என்று கவனிக்க வேண்டும். அடங்காமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் 100 முதல் 250 அதிர்வு வரையுள்ள பகுதியைச் சிறிது இறக்க வேண்டும். கூரிய அடி காதைக் குத்தினால் 3,000 முதல் 6,000 வரையுள்ளதை இறக்க வேண்டும். பெருமுழவான தவுல், இணைமுழவான தம்மட்டம், ஒரண யாவும் தனித்தனியே நிற்பது தெரிந்தால் கையை எடுத்துவிடலாம். இரண்டு மூன்று டெசிபெல் மாற்றமே பெரும்பாலும் போதும்.

இங்கே 'இறக்க வேண்டும்' என்றே சொன்னேன், காரணம் உண்டு. எண்முறைப் பதிவில் ஒலிக்கு ஓர் உச்சவரம்பு உள்ளது. அதற்கு மேல் எண் இல்லை. இக்காலப் பதிவுகள் பல அவ்வரம்பைத் தொட்டுக்கொண்டே நிற்கின்றன. அந்நிலையிலே தாழொலியை 6 டெசிபெல் உயர்த்தினால் அலையின் உயரம் இருமடங்காக முயலும். இடமின்மையால் அதன் தலை வெட்டப்பட்டு, முழவு கிழிந்த தோலைப்போல் கரகரக்கும். உயர்த்தியே தீர வேண்டுமென்போர், 'பிரீஆம்ப்' என்ற பொதுக் குமிழ் இருப்பின் அதனை அதே அளவுக்கு முன்னரே தாழ்த்திவிட வேண்டும்.

இதனினும் கவலைக்குரியது வேறொன்று. கண்டியிலிருந்து கொழும்புக்குச் செல்லும் பஸ்ஸிலே கடுகண்ணாவ இறக்கத்தில் இயந்திரம் எழுப்பும் உறுமல், பெரும்பாலும் தாழொலியே. அது இசையின் தாழொலியை மூடிவிடுகின்றது. பயணி முழவு கேட்கவில்லையென்று பாஸைக் கூட்டுகின்றான். பின்னர் பாட்டு அமிழ்ந்ததென்று மொத்த ஒலியையும் கூட்டுகின்றான். பஸ் நின்ற பிறகும் குமிழ் அங்கேயே நிற்கின்றது. உலகச் சுகாதார அமைப்பும் அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் வகுத்த அளவின்படி, வளர்ந்தோர் கிழமைக்கு 40 மணி நேரம் 80 டெசிபெல் வரை கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்நேரம் பாதியாகின்றது: 83க்கு 20 மணி, 86க்கு 10 மணி, 89க்கு 5 மணி. 12 முதல் 35 வயதுக்குட்பட்டோரில் 100 கோடிக்கு மேற்பட்டவர் செவிப்புலனை இழக்கும் அபாயத்தில் உள்ளனர் என்பது அவ்வமைப்பின் கணிப்பு. முதலில் மங்குவது பெரும்பாலும் 3,000 முதல் 6,000 அதிர்வு வரையுள்ள பகுதி. அதாவது குரங்குத் தோலின் கூர்மை வாழும் பகுதி. அது மங்கியவன் டிரெபிளை மேலும் உயர்த்துவான்; உயர்த்தியது மேலும் மங்கச் செய்யும். செவியின் உள்ளேயுள்ள மயிர்க்கலங்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. அந்த இழப்பை ஈடுசெய்யும் சமனாக்கி எதுவும் கடையில் இல்லை. இரைச்சல் மிகுந்த இடத்திலே கேட்போர், வெளியொலியை நன்கு அடைக்கும் ஹெட்போனைத் தேர்ந்தெடுத்து ஒலியைத் தாழ்த்திக் கேட்பதே தக்கது. வீதியைக் கடக்கும்போது அதனைக் கழற்றிவிடுதல் வேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

ஒருமுறை அமைத்த அமைப்பு நெடுநாள் நிற்குமென்றும் எண்ணலாகாது. ஹெட்போனின் மெத்தை வியர்வையிலும் மலைநாட்டு ஈரத்திலும் நைந்து தட்டையாகும். காதுக்கும் கருவிக்குமிடையே சிறு சந்து விழும். தாழொலி அதன் வழியே போய்விடும். அப்போது குமிழைத் திருப்புவதா, மெத்தையை மாற்றுவதா என்ற கேள்வி எழும். தப்புக் கலைஞர் தோல் தளர்ந்தபோது ஓங்கி அடிப்பதில்லை. நெருப்பருகே போய்க் குந்திக்கொள்கின்றார்.